சிங்கமும் சூதாட்டக்கூடமும்: கணினிக் களவின் இரு வரலாறுகள்

எம்ஜிஎம் என்ற மூன்றெழுத்தைக் கேட்டதும் என் தலைமுறையினருக்கு நினைவில் எழுவது, திரையில் தலையைத் திருப்பிக் கர்ஜிக்கும் அந்தச் சிங்கம்தான். (சென்னைவாசிகள் சிலருக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருக்கும் கேளிக்கைப் பூங்கா நினைவுக்கு வரலாம். அதற்கும் இக்கட்டுரைக்கும் உறவில்லை.) 1924இல் உருவான அந்தத் திரைப்பட நிறுவனத்தை 1969இல் கெர்க் கெர்கோரியன் என்னும் செல்வந்தர் தன்வசப்படுத்தினார். படம் எடுப்பதைக் காட்டிலும் விடுதி கட்டுவதில் நாட்டம் மிகுந்தவர் அவர். 1973இல் லாஸ் வேகஸ் நகரில் அவர் திறந்த பிரம்மாண்டமான சூதாட்ட விடுதிக்கு எம்ஜிஎம் கிராண்ட் என்று பெயர் வைத்தார். ‘கிராண்ட் ஹோட்டல்’ என்பது அந்நிறுவனம் 1932இல் எடுத்த புகழ்பெற்ற படத்தின் தலைப்பு. இவ்வாறு ஒரு திரைப்படத்தின் பெயர் ஒரு விடுதியின் முகப்பில் ஏறியது.

பிற்பாடு சொத்து பிரிந்தது. கல்வர் சிட்டியிலிருந்த பழைய ஸ்டூடியோ வளாகம் கைமாறிக் கைமாறிச் சோனி நிறுவனத்தை அடைந்தது. சிங்கத்தின் பெயர் விடுதிக்காரர்களிடமும் தங்கிற்று. 2014இல் அந்தப் பழைய வளாகமும், 2023இல் அந்தப் பெயரைத் தாங்கிய விடுதிகளும் கணினி வழியே சூறையாடப்பட்டன. ஒரே வீட்டில் பிறந்து தனித்தனியே குடித்தனம் போன இரண்டு பிள்ளைகள், ஒன்பது ஆண்டு இடைவெளியில் ஒரே வகையான திருட்டுக்கு ஆளான கதை இது. ஆனால் இருவரும் இழந்தது ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளும் முயற்சியே இக்கட்டுரை.

*

கேளிக்கை, ஓய்வு என்ற இரண்டையும் நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். பங்குச்சந்தைப் பட்டியல்களிலும் அவை அடுத்தடுத்த அறைகளில்தான் குடியிருக்கின்றன. எனினும் திரைப்பட நிறுவனம் விற்பது ஒரு ரகசியத்தை. குறிப்பிட்ட ஒரு வெள்ளிக்கிழமை வரை யாரும் பார்க்கக்கூடாத ஒன்றை, அன்று எல்லோரும் பார்த்தாக வேண்டிய ஒன்றாக மாற்றுவதே அதன் தொழில். விடுதியும் சூதாட்டக்கூடமும் விற்பது ஓர் இடத்தை, அதுவும் இரவு பகல் இருபத்து நான்கு மணி நேரமும் விளக்கணையாமல் இயங்குகிற இடத்தை. முன்னதற்கு அச்சம், பொருள் நேரத்துக்கு முன் வெளியேறிவிடுமோ என்பது. பின்னதற்கு அச்சம், இயக்கம் ஒரு மணி நேரம் நின்றுவிடுமோ என்பது. கசிவு ஒன்று, முடக்கம் மற்றொன்று.

இணையம் பரவலாவதற்கு முன்பே இவ்விரண்டு அச்சங்களுக்கும் முன்மாதிரிகள் உண்டு. நெவாடா மாநிலத்துச் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்தில் ரொனால்ட் ஹாரிஸ் என்றொரு கணினி நிரலர் இருந்தார். சூதாட்ட இயந்திரங்கள் நேர்மையானவைதாமா என்று சோதிப்பது அவர் பணி. அந்தச் சோதனையை மேற்கொள்ளும்போதே அவர் இயந்திரங்களின் நிரலில் கைவைத்தார். ஒரு குறிப்பிட்ட வரிசையில் நாணயங்களைப் போட்டால் பரிசு கொட்டும். 1995இல் அட்லாண்டிக் சிட்டியில் கூட்டாளி ஒருவர் கீனோ ஆட்டத்தில் 1,00,000 டாலர் வென்றபோது சந்தேகம் எழுந்து குட்டு உடைந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதைக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

திரைப்பட உலகின் முன்மாதிரி சற்றுப் பிந்தையது. 2009 மார்ச் மாத இறுதியில், வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பாகவே ‘எக்ஸ்-மென் ஆரிஜின்ஸ்: வுல்வரின்’ படத்தின் முற்றுப்பெறாத பிரதி இணையத்தில் உலவத் தொடங்கியது. வரைகலைக் காட்சிகள் பல நிறைவடையாத பிரதி அது. நடிகர் கம்பியில் தொங்குவதுகூடத் தெரிந்தது. தயாரிப்பாளர்கள் பதறினார்கள், அமெரிக்க உளவுத்துறை விசாரித்தது, பதிவேற்றிய ஒருவர் பின்னர் ஓராண்டுச் சிறை சென்றார். ஆனால் மே மாதம் படம் வெளியானபோது கூட்டம் வரவே செய்தது. கசிந்த படம் செத்த படம் என்ற கணக்கு அவ்வளவு எளிதன்று என்பதை அந்த அனுபவம் காட்டியது. இதை நினைவில் வைத்துக்கொண்டு 2014ஆம் ஆண்டுக்கு வருவோம்.

*

2014ஐ இவ்வரலாற்றின் நடு ஆண்டு எனலாம். அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு சூதாட்ட நிறுவனமும் இறுதியில் ஒரு திரைப்பட நிறுவனமும் தாக்கப்பட்டன. இரண்டுமே பணத்துக்காக நடந்தவை அல்ல, சொல்லுக்காக நடந்தவை.

லாஸ் வேகஸ் சாண்ட்ஸ் நிறுவனத்தின் அதிபர் ஷெல்டன் அடெல்சன் 2013 அக்டோபரில் நியூயார்க்கின் யெஷிவா பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் உரையாடலில், ஈரானிய பாலைவனத்தில் ஓர் அணுகுண்டை வெடித்துக் காட்டி அந்நாட்டை எச்சரிக்க வேண்டும் என்ற பொருள்படப் பேசினார். அடுத்த சில மாதங்களில் அவருடைய நிறுவனத்தின் கணினிகளை யாரோ தட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். அவர்கள் நுழைந்த இடம் பெருமாளிகைகள் நிற்கும் லாஸ் வேகஸ் அல்ல. பென்சில்வேனியா மாநிலத்தில் பெத்லஹேம் என்ற ஊரில், மூடப்பட்ட எஃகு ஆலையின் நிலத்தில் கட்டப்பட்டிருந்த ஒரு சிறிய கிளை. அங்கே வலைத்தளத்தைச் சோதித்துப் பார்க்கப் பயன்பட்ட ஒரு கணினியில் ஓட்டை இருந்தது. அதன் வழியே உட்புகுந்தவர்கள், தலைமையகத்திலிருந்து வந்து போயிருந்த மூத்த பொறியாளர் ஒருவரின் கடவுச்சொல்லைக் கண்டெடுத்தார்கள். அந்த ஒற்றைச் சாவியால் லாஸ் வேகஸின் கதவுகள் திறந்தன.

2014 பிப்ரவரி 10 காலையில் ஆயிரக்கணக்கான கணினிகள் அழியத் தொடங்கின. இதைச் செய்த நிரல் ஏறத்தாழ 150 வரிகள் நீளம்தான். பொறியாளர்கள் சூதாட்டக்கூடத்தில் ஓடி ஓடி இணைப்புக் கம்பிகளைக் கையால் பிடுங்கினார்கள் என்று ‘பிசினஸ்வீக்’ இதழ் அந்த ஆண்டின் இறுதியில் எழுதியது. நட்டம் 4 கோடி டாலருக்கும் அதிகமாக இருக்கலாம் என்பது அவ்விதழின் கணிப்பு. ஆனால் சூதாட்ட மேசைகள் நிற்கவில்லை, அறைக்கதவுகளும் திறந்தன. விளக்குகள் எரிந்துகொண்டிருந்ததால் உள்ளே நடந்த அழிவு பல மாதங்கள் வெளியுலகுக்கு முழுமையாகத் தெரியவேயில்லை. தாக்குதலின் பின்னால் ஈரான் இருந்ததாக அமெரிக்கத் தேசிய உளவுத்துறை இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பர் வெளிப்படையாகச் சொன்னது 2015 பிப்ரவரியில்தான்.

கல்வர் சிட்டியில் நடந்ததோ இதற்கு நேரெதிர். 2014 நவம்பர் 24, திங்கட்கிழமை காலை, சோனி பிக்சர்ஸ் ஊழியர்களின் திரைகளில் சிவப்பு நிற எலும்புக்கூடு ஒன்று தோன்றியது. வடகொரிய அதிபரைக் கொல்லும் சதியைக் கேலியாகச் சொல்லும் ‘தி இன்டர்வியூ’ படம் கிறிஸ்துமஸ் வெளியீட்டுக்குக் காத்திருந்த நேரம் அது. தாக்கியவர்கள் அழித்ததோடு நிற்காமல், திருடியவற்றைத் தவணை முறையில் உலகுக்கு விநியோகித்தார்கள். வெளிவராத படங்கள், ஊதியப் பட்டியல்கள், நிர்வாகிகளின் அந்தரங்கக் கடிதங்கள் எல்லாம் வந்தன. டிசம்பர் 16 அன்று திரையரங்குகளுக்கு மிரட்டல் வந்தது. மறுநாள் நிறுவனம் வெளியீட்டைக் கைவிட்டது. 19ஆம் தேதி அமெரிக்கப் புலனாய்வுத்துறை வடகொரியாவைக் குற்றஞ்சாட்டியது. வடகொரியா மறுத்தது. அதிபர் ஒபாமா படத்தை நிறுத்தியது தவறு என்று செய்தியாளர்களிடம் சொன்ன பின், இணையத்திலும் சில நூறு சிறு திரையரங்குகளிலும் படம் வெளிவந்தது.

தால்பெர்க் என்ற பழைய எம்ஜிஎம் தயாரிப்பாளரின் பெயரைத் தாங்கிய கட்டடத்தின் நிலவறையிலிருந்து தூசு படிந்த பிளாக்பெர்ரி கைபேசிகளைத் தேடியெடுத்து அதிகாரிகள் பயன்படுத்தினார்கள். ஊதியம் காசோலைத் தாளில் அச்சிட்டுக் கொடுக்கப்பட்டது. உலகின் தலைசிறந்த மாயத்தோற்றங்களை உருவாக்கும் தொழிற்சாலை, சில வாரங்களுக்கு 1980களுக்குத் திரும்பிச் சென்றது.

*

இரண்டு நிகழ்வுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். சாண்ட்ஸ் நிறுவனம் இயந்திரங்களை இழந்தது. இயந்திரங்களை மறுபடி வாங்கிவிடலாம். சோனி இழந்தது சொற்களை. வெளியான சொற்களைத் திரும்ப வாங்க எந்தச் சந்தையும் கிடையாது. நிறுவனத்தின் இணைத் தலைவராக இருந்த ஏமி பாஸ்கல் 2015 பிப்ரவரியில் பதவி விலகுவதாக அறிவித்தார். அதே ஆண்டு ஏப்ரலில் விக்கிலீக்ஸ், 1,70,000க்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களைத் தேடிப் படிக்கும் வசதியோடு வெளியிட்டது.

இங்கே நம்மைப் போன்ற வாசகர்களுக்கு ஒரு சங்கடம் எழுகிறது. எழுத்தாளர்களின் கடிதத் தொகுப்புகளை ஆவலோடு வாங்கிப் படிக்கிறவர்கள் நாம். திருடப்பட்ட கடிதத்தைப் படிப்பது பற்றி நம் மனச்சாட்சி என்ன சொல்கிறது? அந்தக் குவியலில் நியாயமான உண்மைகளும் இருந்தன என்பதை மறுக்க முடியாது. ‘அமெரிக்கன் ஹஸ்ஸல்’ படத்தில் நடிகைகளுக்கு லாபத்தில் 7 சதவிகிதமும் நடிகர்களுக்கு 9 சதவிகிதமும் பேசப்பட்டிருந்தது அப்போதுதான் வெளியே தெரிந்தது. நடிகை ஜெனிஃபர் லாரன்ஸ் 2015இல் அதைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். ஹாலிவுட்டில் ஊதியச் சமத்துவம் பற்றிய பேச்சு வலுத்தது. திருடன் கொண்டுவந்த விளக்கில் ஓர் அநீதி தெரிந்தது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் அதே குவியலில்தான் ஏறத்தாழ 47,000 பேரின் சமூகப் பாதுகாப்பு எண்கள் இருந்தன. ஊழியர் குடும்பங்களின் மருத்துவ விவரங்கள் இருந்தன. என்றோ சில மாதங்கள் ஒப்பந்தத்தில் பணிபுரிந்துவிட்டுப் போன தொழிலாளிக்கும் நட்சத்திரத்துக்கும் அங்கே ஒரே மரியாதைதான் கிடைத்தது. நட்சத்திரத்துக்கு வழக்கறிஞர் உண்டு, கட்டுரை வெளியிடப் பத்திரிகை உண்டு. கணக்குப் பிரிவில் பணிபுரிந்தவருக்கு என்ன உண்டு? ஊழியர்கள் தொடுத்த வழக்கு 2015இல் ஏறத்தாழ 80 லட்சம் டாலருக்குச் சமரசமானது. தலைக்கு எவ்வளவு வரும் என்பதை வாசகரே வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

*

இதற்குள் இரு தொழில்களுக்கும் இடையிலிருந்த சுவர் மெலிந்துகொண்டே வந்தது. கேளிக்கை நிறுவனங்களும் விடுதிகளைப்போலவே வாடிக்கையாளரின் பெயர், முகவரி, கடனட்டை விவரங்களைச் சேமிக்கத் தொடங்கியதுதான் காரணம். இதற்கான முதல் பெரும் எச்சரிக்கை 2011 ஏப்ரலில் வந்தது. சோனியின் பிளேஸ்டேஷன் விளையாட்டு வலையமைப்பு ஊடுருவப்பட்டு 7.7 கோடிக் கணக்குகளின் விவரங்கள் பறிபோயின. வலையமைப்பு மூன்று வாரங்களுக்கு மேல் மூடிக் கிடந்தது. மே முதல் நாள் டோக்கியோவில் கசுவோ ஹிராய் உள்ளிட்ட நிர்வாகிகள் தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டார்கள். இந்நிகழ்வில் கசிவும் முடக்கமும் ஒருசேர நிகழ்ந்தன. சோனி அன்று ஒரு விடுதிக்காரரைப் போலவே தவித்தது.

விடுதிகள் தரப்பில் இதற்கு இணையானது 2018 நவம்பர் 30 அன்று மாரியட் நிறுவனம் வெளியிட்ட செய்தி. ஸ்டார்வுட் விடுதிகளின் முன்பதிவுத் தரவுத்தளத்தில் யாரோ நுழைந்திருந்தார்கள். நுழைந்தது எப்போது? 2014இல். மாரியட் ஸ்டார்வுட்டை விலைக்கு வாங்கியது 2016இல். அதாவது திருடன் உள்ளே இருக்கும்போதே வீட்டை வாங்கியிருக்கிறார்கள். வில்லங்கச் சான்றிதழில் வராத வில்லங்கம்! முதலில் 50 கோடி விருந்தினர்கள் என்றார்கள். பிறகு அதிகபட்சம் 38.3 கோடிப் பதிவுகள் என்று திருத்தினார்கள். அவற்றில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கடவுச்சீட்டு எண்கள் குறியாக்கம் செய்யப்படாமலே இருந்தன. சாண்ட்ஸில் கணினிகள் அழிந்த காலையில் எல்லோருக்கும் தெரிந்தது. சோனியில் எலும்புக்கூடு தானே வந்து அறிவித்தது. ஸ்டார்வுட்டில் நான்கு ஆண்டுகள் ஒரு சத்தமும் இல்லை. கடவுச்சீட்டு, பயணத் தேதி, யார் எந்த ஊரில் தங்கினார் என்னும் விவரம் ஆகியவை ஒரு திரைக்கதையைப் போல நாள்பட்டால் மதிப்பிழப்பவை அல்ல. ஓய்வுத்தொழிலின் ஆபத்து இங்கேதான் ஆழமானது என்று எனக்குத் தோன்றுகிறது. வெளியீடு முடிந்ததும் படத்தின் ரகசியம் காலாவதியாகிவிடும். விருந்தினரின் அடையாளமோ அவர் உயிரோடிருக்கும் வரை காலாவதியாகாது.

*

2023 ஆகஸ்டும் செப்டம்பரும் ஒரு சோதனைச்சாலையைப் போல அமைந்தன. லாஸ் வேகஸின் இரு பெரும் நிறுவனங்கள், ஒரே வகையான எதிரி, எதிரெதிரான இரண்டு முடிவுகள். தாக்கியவர்கள் ஆங்கிலம் சரளமாகப் பேசும் இளைஞர்கள் அடங்கிய, ‘ஸ்கேட்டர்ட் ஸ்பைடர்’ என்று அழைக்கப்பட்ட குழுவினர். (ஹேக்கர்களைக் கொந்தர் என்று எழுதும் வழக்கம் நம்மிடம் உண்டு. இவர்கள் பூட்டைக் கொந்தியதைவிடப் பேசியே திறந்தவர்கள்.) ஊழியர் ஒருவரைப் போல நடித்து, தொழில்நுட்ப உதவிப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்து, கடவுச்சொல்லை மாற்றித் தரச் சொல்வதே அவர்கள் உத்தி.

சீஸர்ஸ் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியை வெளி நிறுவனம் ஒன்று கவனித்துவந்தது. அதன் வழியே நுழைந்தவர்கள் வாடிக்கையாளர் சலுகைத் திட்டத்தின் தரவுத்தளத்தை நகலெடுத்துக்கொண்டார்கள். நிறுவனம் ஏறத்தாழ 1.5 கோடி டாலர் கொடுத்ததாக ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ எழுதியது. அதன் விடுதிகள் ஒரு நாளும் முடங்கவில்லை. செப்டம்பர் 14 அன்று பங்குச்சந்தை ஆணையத்துக்கு அளித்த அறிக்கையில், திருடிய தரவு அழிக்கப்படுவதற்கான நடவடிக்கைகளை எடுத்திருப்பதாகவும், அதற்கு உத்தரவாதம் தர இயலாது என்றும் நிறுவனம் குறிப்பிட்டது. அப்பணத்தின் பயனை அளக்க அந்த ஒரு வாசகமே போதும்.

எம்ஜிஎம் பணம் கொடுக்க மறுத்தது. விளைவு, விடுதிகளில் மின்சாவிகள் வேலை செய்யவில்லை. பல சூதாட்ட இயந்திரங்கள் இருண்டன. வென்றவர்களுக்கு ஊழியர்கள் கையால் எழுதிப் பணம் கொடுத்தார்கள். வரவேற்பு மேசைகளின் முன் வரிசைகள் நீண்டன. ஏறத்தாழ பத்து நாட்கள். லாபத்தில் 10 கோடி டாலர் குறையும் என்று நிறுவனம் அறிவித்தது. அப்படியும் விருந்தினர் விவரங்கள் தப்பவில்லை. 2019இல் நேர்ந்த இன்னொரு திருட்டையும் சேர்த்து, 2025இல் அந்நிறுவனம் 4.5 கோடி டாலருக்கு வழக்கைச் சமரசம் செய்துகொண்டது. இத்தாக்குதல் தொடர்பாக 2024 ஜூலையில் இங்கிலாந்தில் கைதானவர்களில் ஒருவருக்கு வயது 17.

கணக்குப் பார்த்தால் பணம் கொடுத்ததே மலிவு என்று தோன்றும். ஆனால் அந்தப் பணம் அடுத்த தாக்குதலின் மூலதனம் என்பதையும், அடுத்து அழைக்கப்படும் தொலைபேசி இன்னொருவருடையது என்பதையும் எந்தக் கணக்கேட்டிலும் எழுதுவதில்லை.

இரு தொழில்களுக்கும் பொதுவாக ஒன்றைச் சொல்லலாம். கோட்டை விழுவது கோட்டை வாசலில் அல்ல. 2016இன் இறுதியில் நெட்ஃபிளிக்ஸ் தொடர் ஒன்று திருடுபோனது ஹாலிவுட்டிலிருந்த, குடும்பத்தினர் நடத்தும் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில். 2017இல் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ அத்தியாயம் ஒன்று வெளியானது மும்பையில், ஒளிபரப்பாளருக்குத் தொழில்நுட்பப் பணி செய்த நிறுவனத்தின் பக்கமிருந்து, நால்வர் கைதானார்கள். சாண்ட்ஸுக்கு ஒரு பெத்லஹேம், சீஸர்ஸுக்கு ஒரு வெளி நிறுவனம். பெருநிறுவனங்கள் செலவைக் குறைக்கத் தள்ளிவிட்ட வேலைகளோடு சாவிகளும் சேர்ந்தே போயிருக்கின்றன.

*

தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறேன். கெர்கோரியன் கட்டிய அந்த முதல் எம்ஜிஎம் கிராண்டில் 1980 நவம்பர் 21 அதிகாலை தீப்பிடித்தது. கீழ்த்தளத்து உணவகமொன்றில் மின்கசிவால் தொடங்கிய தீ, சூதாட்டக்கூடத்தைச் சில நிமிடங்களில் விழுங்கியது. 85 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தீயைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள். மேல் மாடிகளில் புகையால் மூச்சடைத்து மாண்டவர்கள். சூதாட்டக்கூடத்தில் நீர்த்தெளிப்பான்கள் ஏன் இல்லை? இருபத்து நான்கு மணி நேரமும் ஆட்கள் விழித்திருக்கும் இடம், தீப்பிடித்தால் உடனே யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற காரணத்தின் பேரில் விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. தீ தொடங்கிய உணவகமோ அந்நேரத்தில் பூட்டியிருந்தது.

அடுத்த ஆண்டே நெவாடா சட்டமன்றம், ஏற்கெனவே கட்டிய உயர்ந்த கட்டடங்களிலும் நீர்த்தெளிப்பான் பொருத்த வேண்டும் என்று சட்டமியற்றியது. அது பத்தொன்பதாம் மாடியில் உறங்கும் முகம் தெரியாத விருந்தினரைக் காக்கும் சட்டம். கணினிக் களவுகளுக்குப் பின் அமெரிக்காவில் 2023இல் வந்த விதியோ, முக்கியமான ஊடுருவல் என்று முடிவான நான்கு வேலைநாட்களுக்குள் நிறுவனம் அதை அறிவிக்க வேண்டும் என்கிறது. நல்ல விதிதான். ஆனால் அதன் முதல் அக்கறை பங்குதாரர். மேல்மாடி விருந்தினர் இன்னும் உறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்.

சென்ற மாதம் வெளியூர் விடுதியொன்றில் அறையெடுத்தபோது வரவேற்பாளர் என் ஆதார் அட்டையை வாங்கி நகலெடுத்துக்கொண்டு, புன்னகையோடு சாவியைக் கொடுத்தார். அந்த நகல் எங்கே போகும் என்று கேட்டேன். அவர் கபடமின்றி, “உள்ளேதான் சார் இருக்கும்” என்றார். பின்னால் ஒரு மர அலமாரி பாதி திறந்து கிடந்தது.